நிறம் மாறினால் உலோகம் மாறாது

கற்பனை உலக ஆர்.பி.ஜி. விளையாட்டுகளுக்குக் கவசம் வடிப்பது என் வேலை. ஓவியர் தரும் கான்செப்ட் படத்தை முப்பரிமாண மாடலாக்கி, டெக்ஸ்சர் பூசி, பாத்திரத்தின் உடலில் ஏற்றும்வரை அது என் பொறுப்பு. இதில் நான் விடாமல் கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு: கவசம் எந்தப் பொருளால் ஆனது என்று முடிவாகாமல் அதன் வடிவத்தைத் தொடுவதில்லை.

பல விளையாட்டுகளில் நடப்பது வேறு. ஒரே மெஷ்ஷை, அதாவது ஒரே வடிவ வலையைச் செய்து வைத்துக்கொண்டு, தொடக்கத்தில் வெண்கல நிறம், அடுத்துச் சாம்பல் நிறம், கடைசியில் தங்க நிறம் என்று மாற்றி, பெயரையும் மாற்றிவிடுகிறார்கள். நேரமும் பணமும் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் மணிக்கணக்கில் போராடி எஃகுக் கவசத்தை அடைந்தவருக்குக் கிடைப்பது பழைய கவசமும் புதுச் சாயமும். பொருள் மாறிவிட்டதாக அவர் கண் ஒப்புக்கொள்ளாது.

வெண்கலத்தையே எடுத்துக்கொள்வோம். எஃகைவிட அது இலகுவானது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கன மீட்டர் எஃகு சுமார் 7,850 கிலோ; வெண்கலமோ 8,700 கிலோவை ஒட்டி வரும். எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கடினமாகும். வெண்கலம் அப்படி ஆகாது; சுத்தியலால் அடித்துத்தான் அதை இறுக்க வேண்டும். இந்தக் குணங்கள் வடிவத்தில் தெரியும். கிரேக்கத்தின் டெண்ட்ராவில் 1960-இல் கிடைத்த, கி.மு. 15-ஆம் நூற்றாண்டுக் கவசத்தில் அகன்ற வெண்கலப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உடலைவிட்டு விலகி நிற்கின்றன. கி.பி. 15-ஆம் நூற்றாண்டில் மிலான் பட்டறைகள் செய்த எஃகுக் கவசமோ இடுப்பில் ஒடுங்கி, நெஞ்சில் தடித்து, கை கால்களில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெலிகிறது. அக்காலத்து முழுக் கவசம் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோதான். அந்தப் பாரமும் உடல் முழுக்கப் பிரிந்து இறங்கும். இந்த இரண்டையும் ஒரே மெஷ்ஷில் அடக்க வழியில்லை.

வடிவம் அமைந்த பிறகே நிறம். டிஸ்னி ஸ்டுடியோவுக்காக பிரென்ட் பர்லி 2012-இல் விளக்கிய முறையை ஒட்டித்தான் இன்றைய கேம் எஞ்சின்கள் பலவும் ஒளியைக் கணக்கிடுகின்றன. ஒரு பரப்பு உலோகமா இல்லையா என்பதை ‘மெட்டாலிக்’ என்ற அளவு சொல்லும். அதன் சொரசொரப்பை ‘ரஃப்னெஸ்’ சொல்லும். தோல், மரம், துணி ஆகியவை நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தையே மேற்பரப்பில் பளபளப்பாகத் திருப்பும். இரும்பு பாதிக்குச் சற்று அதிகமாகத் திருப்பும். தங்கம் சிவப்பை ஏறக்குறைய முழுதாகத் திருப்பி, நீலத்தில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிடும். மெட்டாலிக்கைப் பாதியில் நிறுத்திச் சாம்பல் நிறம் பூசினால் இரும்பு வராது, பிளாஸ்டிக்தான் வரும்.

துரு உலோகம் அல்ல, இரும்பின் ஆக்சைடு. ஆகவே துருப்பிடித்த இடத்தில் மெட்டாலிக்கைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். புழுதிக்கும் பெயின்ட்டுக்கும் இதே கணக்கு. விளிம்புத் தேய்மானத்தை மென்பொருள் ஒரே சொடுக்கில் கொடுத்துவிடும். எது தேய்ந்து எது வெளியே வருகிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். முலாம் பூசிய கவசத்தில் தங்கம் போனால் எஃகு தெரியும். சூடேற்றி நீலமாக்கிய எஃகில் விளிம்பு வெளுக்கும். மெருகேற்றிய வெற்று எஃகில் அடியிலும் அதே எஃகுதான்; அங்கே விளிம்புக்கு வேறு நிறம் தரக் காரணமே இல்லை.

அருங்காட்சியகப் படங்களை ரெஃபரன்ஸாக வைக்கும்போதும் இதே கவனம் வேண்டும். வெண்கலக் கவசங்கள் பச்சையாக இருப்பது அவை மண்ணுக்குள் கிடந்த காலத்தின் அடையாளம். அவற்றை அணிந்தவன் கண்ட நிறம் பொன் கலந்த பழுப்பு. ஐரோப்பிய எஃகுக் கவசங்கள் பல, பிற்காலத்தில் அளவுக்கு மீறித் தேய்த்துத் துடைத்ததால் தம் பழைய நீலத்தை இழந்து வெள்ளையாக நிற்கின்றன. பாத்திரம் கவசத்தை அணிந்திருக்கும் நாளின் நிறம்தான் நமக்குத் தேவை.

வளையக் கவசம் இன்னொரு சோதனை. ஒவ்வொரு வளையமும் வழக்கமாக நான்கு வளையங்களோடு கோத்திருக்கும். அது துணியைப்போல் மடியும். ஆனால் ரப்பரைப்போல் இழுபடாது. அக்குளில் டெக்ஸ்சர் நீண்டு வளையங்கள் முட்டை வடிவமானால் உலோகம் என்ற நம்பிக்கை அங்கேயே போய்விடும். அதனால் டெக்ஸ்சர் பூசுவதற்காக மாடலின் பரப்பைத் தட்டையாக விரிக்கும்போது (யூ.வி.) அக்குளைத்தான் முதலில் கவனிக்கிறேன். நீளமான வளையச் சட்டை பத்துக் கிலோவை நெருங்கும். அந்த எடை தோளிலிருந்து இறங்கும். இடைவாரைக் கட்டினால் அதற்கு மேலே சற்றுப் புடைத்துத் தொங்கும். அந்தப் புடைப்பு இல்லாத வளையச் சட்டை அச்சடித்த பனியனாகத் தெரியும். அதற்குள் பஞ்சு திணித்த தடித்த உள்ளங்கியும் வேண்டும். 1403-ஆம் ஆண்டின் பொஹீமியாவில் நடக்கும் ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ (2018) விளையாட்டில் உள்ளங்கி, வளையம், தகடு என்று அடுக்கடுக்காக உடுத்த வேண்டும். கவசம் பல அடுக்குகளின் கூட்டு என்பதை விளையாடுபவர் தன் கையாலேயே அறிந்துகொள்கிறார்.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வழியாகப் பரவிய ‘ஸ்டடட் லெதர்’ கவசம் இதற்கு நேர் எதிர். தோல்மேல் உலோகக் குமிழ்களைப் பதித்தால் வாள்வெட்டுக்கு அவை எந்தத் தடையும் ஆகாது. ‘பிரிகண்டைன்’ என்ற உண்மையான கவசத்தில் துணிக்கோ தோலுக்கோ அடியில் சிறு எஃகுத் தகடுகள் உண்டு. வெளியே தெரியும் குமிழ்கள் அவற்றைப் பிடித்திருக்கும் ரிவெட்களின் தலைகள். எனக்கு அந்தக் கவசம் செய்யச் சொல்லி வந்தால், ரிவெட்களைத் தகட்டின் வரிசைக்கு ஏற்ப வைத்து, ஓரிடத்தில் மேல்துணியைக் கிழித்து உள்ளிருக்கும் எஃகைக் காட்டுகிறேன். காப்பு எங்கிருந்து வருகிறது என்பது அதில் புரிந்துவிடும்.

உலகில் இல்லாத பொருளுக்கு இந்த ஒழுங்கு இன்னும் அதிகமாகத் தேவை. ‘ஸ்கைரிம்’ (2011) விளையாட்டின் கண்ணாடிக் கவசம் இலகுரக வகையைச் சேர்ந்தது. கண்ணாடி வளையாது, உடையும். உடைந்த இடம் சிப்பியின் வளைவோடு கூர்மையாக இருக்கும். அத்தகைய பொருளைச் சிறு தகடுகளாக்கித் தோலில் கோப்பதே முறை; மூட்டுகளில் அதை வைக்கக் கூடாது. ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்’ விளையாட்டு அடமன்டைன் என்ற கற்பனை உலோகத்துக்குத் தரும் அடர்த்தி கன மீட்டருக்கு 200 கிலோ, தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவு இலகுவான தகட்டை வரைய நேர்ந்தால், இலகுவை உலோகத்தின் பளபளப்பில் காட்ட முடியாது. தோள்வார் சதைக்குள் அழுந்தக் கூடாது. உள்ளங்கி நசுங்கக் கூடாது. நடையில் தகடு சற்றே எழும்பி அடங்க வேண்டும்.

இத்துறைக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நிறத்தட்டைத் திறப்பதற்கு முன் சில கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள்: இது எவ்வளவு எடை? வளையுமா, உடையுமா? துண்டுகளை எது பிடித்திருக்கிறது? உள்ளே என்ன உடுத்தியிருக்கிறார்? இதைத் துடைத்துப் பராமரிப்பவர் யார்? விடைகள் கிடைத்துவிட்டால் வடிவத்தில் பாதி முடிந்த மாதிரி. கிடைக்காவிட்டால் எத்தனை நுணுக்கமாகப் பூசினாலும் அது வண்ணம்தான், கவசம் ஆகாது.