இடைவெளியை எழுதுகிறவர்

ஒரு நாவலை எழுதியவர் யார் என்ற கேள்வி இலக்கிய வாசகர்களுக்குப் பெரும்பாலும் எழுவதில்லை. அட்டையில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை நம்பித்தான் நூலை வாங்குகிறோம்; பிடிக்காதபோது சண்டையிடுவதும் அந்தப் பெயரோடுதான். மெய்ப்புப் பார்த்தவரும் அட்டை ஓவியரும் பக்கத்தை வடிவமைத்தவரும் முன்னுரையின் கடைசிப் பத்தியில் ஒரு நன்றியோடு விடைபெற்றுவிடுகிறார்கள். நம்முடைய இந்த ஏற்பாட்டை விஷுவல் நாவல் என்ற ஜப்பானிய வடிவம் ஏற்பதில்லை. அங்கே ஒரு வரியை எழுதியவர் யார் என்று கேட்டால்கூட ஒரு பெயரில் பதில் சொல்லிவிட முடியாது.

வடிவத்தை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். கணினித் திரையில் ஒரு பின்னணிச் சித்திரம். அதன் மீது பேசும் பாத்திரத்தின் உருவம். கீழே ஒரு கட்டத்துக்குள் இரண்டு மூன்று வரிகள். சுட்டியை அழுத்தினால் அடுத்த வரி வரும். இசை ஒலித்துக்கொண்டிருக்கும். சில இடங்களில் வாசகர் ஒரு முடிவைத் தேர்ந்தெடுக்க, கதை கிளை பிரியும். 1992இல் சுன்சாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ‘ஓதோகிரிசோ’வும், துப்பறியும் நாவலாசிரியர் அபிகோ தகேமாருவின் எழுத்தில் 1994இல் அதே நிறுவனம் வெளியிட்ட ‘கமாயிதாச்சி நோ யோரு’வும் இதன் முன்னோடிகள். சுன்சாஃப்ட் இவற்றை ‘சவுண்ட் நாவல்’ என்று அழைத்தது. 1996இல் லீஃப் நிறுவனத்தின் ‘ஷிசுகு’வோடுதான் ‘விஷுவல் நாவல்’ என்ற பெயர் வருகிறது.

இத்தகைய படைப்புகளின் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலில் சில பொறுப்புகள் திரும்பத் திரும்ப வரும். திட்டம், கதை, மூல ஓவியம், வண்ணம், பின்னணி, இசை, ஸ்கிரிப்ட். இவற்றுள் ‘கதை’ என்ற தலைப்பின் கீழேயே பல பெயர்கள் இருக்கலாம். கீ நிறுவனம் 1999இல் வெளியிட்ட ‘கனோன்’ இதற்கு நல்ல சான்று. அதன் ஐந்து நாயகியரில் மூவரின் கதைகளை ஹிசாயா நவோகியும் இருவரின் கதைகளை மயேதா ஜுன்னும் எழுதினார்கள். இருவரின் நடையும் ஒன்றல்ல. ஆயினும் வாசிக்கையில் ஒரே ஊரின் ஒரே பனிக்காலத்தில் இருக்கிறோம் என்ற உணர்வு கலைவதில்லை. ஹினோவே இதாருவின் கை வரைந்த முகங்களும், கதை எதுவாயினும் திரும்பி வரும் இசையும் அந்த ஒருமையைக் காப்பாற்றுகின்றன. நாவலின் ஒருமைக்கு ஆசிரியரின் குரலே ஆதாரம் என்று கற்று வந்த எங்களுக்கு இது புதிது.

2012 ஜனவரியில் இலவசமாக வெளியான ‘கதவா ஷோஜோ’வும் அப்படித்தான். ஜப்பானிய ஓவியர் ஒருவரின் ஒற்றைப் பக்கக் குறிப்பிலிருந்து கிளம்பி, பல நாடுகளில் வாழ்ந்த ஆர்வலர்கள் ஊதியமின்றி ஐந்தாண்டுகள் உழைத்து ஆங்கிலத்தில் உருவாக்கியது அது. ஐந்து நாயகியர், ஐந்து எழுத்தாளர்கள்.

எழுத்தாளர் இங்கே எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். ‘அவள் முகம் வாடியது’ என்று அவர் எழுதத் தேவையில்லை. ஓவியரின் வாடிய முகம் அதைச் சொல்லிவிடும். ஆனால், வாட்டத்தில் சிறிது கேலியும் கலந்த ஒரு முகம் வேண்டுமென்றால் அந்த முகம் வரையப்பட்டிருக்க வேண்டும். ஒரு பாத்திரத்துக்கு இத்தனை நிலைகள், இத்தனை முகபாவங்கள் என்று முன்பே வகுத்துவிடுகிறார்கள். ‘ஊரே திரண்டு வந்தது’ என்ற வாக்கியம் நாவலாசிரியருக்குச் செலவில்லாதது. இங்கே அந்த ஊரை யாரேனும் வரைய வேண்டும். அல்லது வரையாமல் தப்பிப்பதற்கு ஒரு வழி காண வேண்டும், வெறும் இரைச்சலை ஒலிக்கவிட்டு வானத்தைக் காட்டுவது போல. வறுமை என்று இதைச் சொல்லலாம். யாப்பு என்றும் சொல்லலாம்.

எல்லாவற்றையும் ஒருவரே செய்துவிட்டால் என்ன? ‘ஹிகுராஷி நோ நாகு கோரோ நி’யை அப்படிப்பட்ட படைப்பாகச் சொல்வதுண்டு. 2002 ஆகஸ்டில் டோக்கியோவின் காமிகெட் சந்தையில் அதன் முதல் பகுதி விற்பனைக்கு வந்தது. எட்டாவது பகுதி 2006இல் நிறைவுற்றது. ரியூகிஷி07 என்ற புனைபெயர் கொண்டவரே எழுதினார், அவரே வரைந்தார். அவர் வரைந்த கைகளின் அளவுப் பிசகு வாசகரிடையே பெயர் பெற்றது. எனினும் பின்னணிகள் ஷிரகாவா கிராமத்தின் ஒளிப்படங்களிலிருந்து உருவானவை. தொடக்கப் பகுதிகளின் இசை, யாரும் பயன்படுத்தலாம் என்று பிறர் இணையத்தில் வைத்திருந்தவற்றிலிருந்து எடுத்துக்கொண்டது. எழுத்தைத் திரையில் ஓட்டும் மென்பொருளும் வேறொருவருடையது. தனியொருவரின் படைப்பு என்பதற்குப் பின்னாலும் ஒரு குழு நிற்கிறது. அவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள், அவ்வளவுதான்.

நாங்கள் பேச விரும்புவது பட்டியலின் கடைசியில் வரும் ஸ்கிரிப்ட் என்ற பொறுப்பைப் பற்றி. திரைக்கதை என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. எழுதி முடித்த கதையைக் கையில் வாங்கி, எந்தச் சொல்லோடு கட்டத்தை முடிப்பது, எந்த வரியில் முகம் மாறுவது, இசையை எங்கே நிறுத்துவது, நிறுத்திய பின் எத்தனை நொடி ஒன்றும் நிகழாமல் விடுவது என்பதையெல்லாம் வரி வரியாகக் கட்டளைகளாக்குபவரின் வேலை அது. வாக்கியத்தைக் காலமாக மாற்றுகிறவர் என்று அவரைச் சொல்லலாம். இந்தப் பொறுப்புக்கு நம் இலக்கியச் சூழலில் பெயரில்லை.

டைப்-மூன் நிறுவனத்தின் ‘மஹோத்ஸுகாயி நோ யோரு’ இதை விளங்கவைக்கும் அரிய சான்று. நாசு கினோகோ 1990களில் எழுதி, அச்சேறாமல் வைத்திருந்த ஒரு நாவல் அது. குன்றின் மேல் ஒரு பழைய மாளிகையில் வாழும் இரண்டு இளம் சூனியக்காரிகள். மலையிலிருந்து நகரத்துக்கு வந்து சேரும் ஒரு பையன். 2012 ஏப்ரலில் அது விஷுவல் நாவலாக வந்தது. கொயாமா ஹிரோகசு ஓவியங்களுக்குத் தலைமை ஏற்றார். ஸ்கிரிப்டை வடிவமைத்து இயக்கியவர் த்ஸுகுரி மோனோஜி என்ற புனைபெயர் கொண்டவர். கதையில் வாசகர் தேர்ந்தெடுக்கக் கிளைகள் இல்லை. நேர்கோட்டில் செல்லும் உரைநடைதான். ஆனால், பாத்திரங்கள் முதுகைக் காட்டி நிற்கிறார்கள்; கதவுக்கு அப்பால் பாதி தெரிகிறார்கள்; திரை இருண்டு ஒரே ஒரு வரி மட்டும் நிற்கிறது.

2023 டிசம்பரில் இதன் ஆங்கில வடிவம் கணினிக்கு வந்த பிறகு நாங்கள் நால்வர் வார இறுதிகளில் சேர்ந்து வாசித்தோம். மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்துவிட்டு, சுட்டியை யார் பிடிப்பது என்பதில் சிறு போட்டி. வேகமாக வாசிப்பவர் கையில் சுட்டி இருந்த நாட்களில் மற்ற மூவரும் முறையிட்டோம். கைவிடப்பட்ட கேளிக்கைப் பூங்காவில் நிகழும் இரவுக் காட்சி வந்தபோது முறையீடு நின்றுவிட்டது. அங்கே வேகத்தைச் சுட்டி தீர்மானிக்கவில்லை. படைப்பே எங்கள் நால்வரையும் ஒரே இடத்தில் நிறுத்தியது, ஒரே கணத்தில் அவிழ்த்துவிட்டது. உரக்கப் படித்துக் காட்டும் ஒருவர் அறையில் அமர்ந்திருப்பது போன்ற உணர்வு.

2012இன் மூல வடிவில் குரல்கள் இல்லை. 2022இல் வந்த புதிய வடிவில்தான் நடிகர்கள் பேசினார்கள். ஓர் அத்தியாயத்தைக் குரலோடும் பிறகு குரலை அணைத்தும் வாசித்துப் பார்த்தோம். குரல் இருந்தபோது வாக்கியத்தின் பொருள் முதலில் காதுக்கு வந்தது. எழுத்து பின்னால் வந்து அதை உறுதி செய்தது. குரல் இல்லாதபோது அதே வாக்கியங்கள் நீண்டுவிட்டன. மௌனங்கள் கனத்தன. ஒரு பொறுப்பாளர் புதிதாகச் சேர்ந்ததும் மற்ற அனைவரின் வேலையும் சற்று இடம் மாறிவிடுகிறது.

எங்களில் கதை எழுதுகிறவருக்கு இதில் சம்மதமில்லை. “நான்கு வரி எழுதி மூன்றை அடிப்பது எனக்கும் வழக்கம்தான். ஆனால், அடிக்கும் கை என்னுடையதாக இருக்க வேண்டும்” என்றார். நாசுவின் நாவலைத்தான் வாசித்தோம், மற்றவை அலங்காரம் என்பது அவர் கட்சி. சிற்றிதழ் ஒன்றுக்குப் பல ஆண்டுகள் பக்கம் வடிவமைத்த நண்பர் அதுவரை பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: “உங்கள் கதையின் கடைசி வரி பக்கத்தின் அடியில் ஒடுங்கிப் போகுமா, புரட்டியதும் தனியே நிற்குமா என்பதை இத்தனை நாள் யார் முடிவு செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?”

கதை எழுதுகிறவர் பதில் சொல்லவில்லை. வாக்குவாதம் முடிந்துவிட்டதாக நாங்களும் கருதவில்லை. ஒரு சொல் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்ற எழுத்தாளரின் பிடிவாதத்திலிருந்துதான் நாம் மதிக்கும் உரைநடையெல்லாம் பிறந்திருக்கிறது; அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால், அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் உள்ள வெற்றிடமும் தானாக அமைவதில்லை. விஷுவல் நாவல் அந்த வெற்றிடத்துக்கு ஒரு பொறுப்பாளரை நியமித்து, பட்டியலில் அவர் பெயரையும் எழுதி வைக்கிறது. பெயர் தெரிந்த பிறகுதானே ஒருவரைப் பாராட்டவும் முடியும், குறை சொல்லவும் முடியும்?