வருகைப் பதிவேடு போல ஒரு நோட்டு



போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எட்டாம் வகுப்பில் அவளுக்குக் கணக்கு வரவே இல்லை. அவள் அப்பாவைக் கூப்பிட்டு, "இவளுக்குப் படிப்பு ஏறாது. பத்தாவது முடிச்சதும் ஷூ கம்பெனிக்கு அனுப்பிடுங்க" என்று சொன்னவன் நான்தான்.

இப்போது ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசராக இருக்கிறாள். கையில் ஒரு நோட்டு. நம் வருகைப் பதிவேடு மாதிரியே கோடு போட்டிருந்தாள். இடப்பக்கம் முப்பது பெண்களின் பெயர். மேலே வேலைகள்: தோலின் ஓரம் சீவுவது, மடிப்பது, ஒட்டுவது, தைப்பது. கட்டத்தில் ஒரு கோடு இருந்தால் கற்றுக்கொள்கிறாள் என்று அர்த்தம். இரண்டு இருந்தால் தனியாகச் செய்வாள். மூன்று இருந்தால் இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுப்பாள். காலிக் கட்டங்களில் யார் சொல்லித்தருவது, எந்த மாதத்துக்குள் என்று பென்சிலால் எழுதியிருந்தாள்.

"ஒரே மெஷின்ல பத்து வருஷமா உட்கார்ந்திருக்கிறவங்க இருக்காங்க சார். வேற வேலை தெரியாததால மேல வர முடியலை. அவங்க ஒரு நாள் லீவு போட்டா லைனே நின்னுடும்."

மனிதவள மேம்பாடு என்பது இதுதான். பல இடங்களில் அந்த அறைக்குப் போனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ., லீவு லெட்டர், அவ்வளவுதான். நம் நாட்டில் இதற்கென்று தனித்துறையை முதலில் தொடங்கியது எல் அண்ட் டி நிறுவனம், 1975-ல். அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் உதய் பரீக், டி.வி.ராவ் இருவரும் அதற்கு வடிவம் கொடுத்தார்கள். 1985-ல் மத்திய கல்வி அமைச்சகத்துக்கே அந்தப் பெயர் வந்தது. 2020-ல் மறுபடி கல்வி அமைச்சகம் ஆனது. என் சர்வீஸ் அநேகமாக முழுவதும் அந்தப் பெயரின் கீழ்தான் ஓடியது.

என் மதிப்பெண் பதிவேட்டிலும் கட்டங்கள் இருந்தன. குறைந்த மார்க்குக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போடுவேன். பக்கத்தில் யார் சொல்லித்தருவது என்று ஒருநாளும் எழுதியதில்லை.

பழைய பேச்சை எடுத்து மன்னிப்பு கேட்டேன். சிரித்துக்கொண்டே நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "தப்பான ஜோடி எத்தனை சதவீதம்னு தினமும் எழுதணும் சார். செல்போன்லதான் தட்டிப் பார்க்கிறேன். எப்படி வருதுன்னு சொல்லிக்கொடுங்க."

திண்ணையில் உட்கார்ந்தோம். 500 ஜோடியில் 15 திரும்பி வந்தால் எவ்வளவு என்று தொடங்கினேன். மூன்றாவது கணக்கை அவளே போட்டாள். அடுத்த ஞாயிறும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.