மூன்று நாள் சோற்றுக்குப் பின்

1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையினர் சுட்டதில் பத்துக் காவலர்கள் உயிர்நீத்தனர். அந்நாளே ஆண்டுதோறும் காவலர் வீரவணக்க நாள். மலர்வளையமும் துப்பாக்கி முழக்கமும் உரிய மரியாதைகளே. ஆயினும் நம் மனம் அவர்தம் பிள்ளைகளையே நாடுகிறது.

மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, அவர் வீட்டாருக்கு உணவு சமைத்தனுப்புமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இந்த ஸுன்னத்தை நம் மஹல்லாக்கள் நன்கறியும். மூன்று நாள் சோற்றுக்குக் குறைவிராது. பின்னர் அப்பிள்ளைகளை அழைத்து, தாமே அவர்களின் பொறுப்பாளர் என்று அவர்கள் உரைத்ததைத்தான் மறந்துவிடுகிறோம்.

பணியில் இறந்த காவலர் ஒருவரின் மனைவி எம் தெருவில் வசிக்கிறார், சகோதர சமயத்தவர். கருணை அடிப்படையிலான வேலைக்காக வாரிசுச் சான்றிதழ் கேட்டு அலைகிறார். தாலுகா அலுவலகத்துக்கு எம் வீட்டார் உடன் செல்கின்றனர். இளையவனுக்குக் கணக்குச் சொல்லித்தர, மூத்த மாணவர் ஒருவர் திங்கள் முதல் போகிறார்.