கோடு வரையுமுன்

வீடு கட்டுவோர் முதலில் கயிறு பிடித்து அளவு பார்ப்பர்; நாற்று நடுவோர் முதலில் வரப்பைச் சீர்செய்வர். பாகான் செராயைச் சூழ்ந்துள்ள கிரியான் வட்டார நெல்வயல்களுக்குப் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தின் தண்ணீரைக் கொணர்ந்த பாசனத் திட்டம் 1906இல் நிறைவுற்றது. வாய்க்கால் செல்லும் வழியை முன்னரே வகுத்தமையால்தான் அந்நீர் வயலைச் சேர்ந்தது. மாணவர் உருவாக்கும் அசைவூட்டப் படத்திற்கும் இதுவே விதி.

பாகான் செராய்த் தமிழ்ப்பள்ளி ஒன்றில் மாணவர் நால்வர் கூடி, சாங் கஞ்சில் என்னும் சருகுமான் முதலைகளை ஏமாற்றிய கதையை அரை நிமிடப் படமாக்க முற்படுவதாகக் கொள்க. ஆர்வம் மிகுந்தவுடன் அவர்கள் செய்வது யாது? அழகான மானொன்றை வரைந்து, வண்ணம் தீட்டி, முதல் அடியிலிருந்தே அதை நடக்கவைக்கத் தொடங்குவர். திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஓர் ஓவியத்தை இரு சட்டங்களுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். 30 நொடிக்கு 360 ஆகும். நாற்பதாம் ஓவியத்தை எட்டும்போது கை சோர்ந்துவிடும். மானோ இன்னும் ஆற்றங்கரையைக்கூட அடைந்திராது. இவ்வாறு பாதியில் நின்ற படங்களுக்குக் காரணம் உழைப்புக் குறைவன்று, திட்டமின்மையே.

ஆகவே, கோடு வரையுமுன் ஒரு வினா எழ வேண்டும்: இந்த மான் எதை விரும்புகிறது? அக்கரையில் கனிந்த பழங்களை அது விரும்புகிறது. இடையிலே முதலைகள் கிடக்கின்றன. அரசன் ஆணைப்படி எண்ணிக்கை எடுக்க வந்திருப்பதாகக் கூறி, முதலைகளை வரிசையில் நிற்கவைத்து, அவற்றின் முதுகின்மீதே தாவிக் கடந்துவிடுகிறது. விருப்பம் தெரிந்தால் உள்ளம் தெரியும். உள்ளம் தெரிந்தால் உடல் நிற்கும் நிலையும் தெரியும்.

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதைத் தமிழர் மெய்ப்பாடு என்றனர். தொல்காப்பியர் அதற்கெனத் தனி இயலே வகுத்து, மெய்ப்பாடுகளை எட்டாகக் கூறினார். மேனாட்டு அசைவூட்டக் கலைஞர் படங்களின்வழிக் கற்பிக்கும் பாடத்தின் வேர், தமிழாசிரியர் கையிலுள்ள இலக்கணத்திலும் இருக்கிறது. சருகுமானின் கதையை ஆறு நிலைகளில் அடக்கிவிடலாம்: அக்கரையை நோக்கி ஏங்குதல், முதலையைக் கண்டு அஞ்சிப் பின்வாங்குதல், சூழ்ச்சி தோன்றிக் காது நிமிர்தல், நெஞ்சு நிமிர்த்திப் பெருமிதத்தோடு அறிவித்தல், எண்ணியபடி தாவுதல், திரும்பிப் பார்த்து நகைத்தல்.

அடுத்து, இந்நிலைகளுக்குக் காலம் வகுத்தல் வேண்டும். மாணவன் ஒருவன் மானாக நடிக்க, மற்றொருவன் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். ஏங்குதற்கு 4 நொடி, அஞ்சுதற்கு 3, சூழ்ச்சிக்கு 5, அறிவிப்புக்கு 6, தாவுதற்கு 8, நகைப்புக்கு 4 என 30 நொடியும் பங்கிடப்படும். பின் ஆறு ஓவியங்களை மட்டும் எளிய கோடுகளால் வரைந்து, அவ்வவற்றுக்குரிய காலம்வரை திரையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். படம் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குக் குதிக்கும். அது குறையன்று. கதை தெரியாத கீழ்வகுப்புப் பிள்ளை ஒன்று அதைப் பார்த்துப் பொருள் கூறுமாயின் திட்டம் சரியானது. உருவம் முழுவதையும் கறுப்பாக்கிய பின்னரும் அச்சமும் நகைப்பும் வேறுவேறாகத் தெரியுமாயின் இன்னும் நன்று. தவறு காணப்படின் திருத்த வேண்டியவை ஆறு ஓவியங்களே, முந்நூற்றறுபது அல்ல. இடைப்பட்ட ஓவியங்களை அதன் பின்னரே வரைதல் வேண்டும்.

திட்டம் கற்பனையைக் கொன்றுவிடாதா எனச் சிலர் ஐயுறுவர். டிஸ்னி ஓவியர்களான ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் 1981இல் வெளியிட்ட நூலில், முதன்மை நிலைகளை முன்னரே வரைந்து இடையை நிரப்பும் முறையோடு, முதலிலிருந்து தொடர்ச்சியாக வரைந்து செல்லும் முறையையும் கூறியுள்ளனர். மான் தாவும் அந்த எட்டு நொடியில் மாணவன் பின்னைய முறையில் மனம்போல் விளையாடலாம். எங்குத் தொடங்கி எங்கு முடிய வேண்டும் என்பது தெரிந்திருத்தலால் வழிதவறான். சட்டகம் அமைத்துக் கட்டுரை எழுதப் பழகிய மாணவனுக்கு இது புதிதன்று.

மலேசியாவின் முதல் அசைவூட்டக் குறும்படமும் சருகுமானின் கதையே. ஃபிலெம் நெகாராவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர் அதை 1978இல் உருவாக்கினார். 1983இல் அது தொலைக்காட்சியில் ஒளியேறியது. பேராக் மண்ணில் பிறந்த ஓவியர் லாட், தம் கிராமத்து இளமையை 1979இல் 'கம்போங் பாய்' என்னும் நூலாக்கினார். அதிலிருந்து பிறந்த அசைவூட்டத் தொடர் 1999இல் பிரான்சின் அன்னெசி விழாவில் பரிசு பெற்றது.

சருகுமானில் பழகிய மாணவன் அடுத்துத் தன் குடும்பத்து மனிதரை வரைய விரும்பலாம். தோட்டத்தில் பால்மரம் சீவிய பாட்டி எவ்வாறு குனிந்தார், நிறைந்த வாளியைத் தூக்கியபோது எத்தோள் தாழ்ந்தது என்பதை அவன் எந்த நூலிலும் காண இயலாது. பாட்டியிடமே கேட்க வேண்டும். அவர் நடந்து காட்ட, அருகிருந்து பார்க்க வேண்டும். அவ்வாறு நடந்து காட்டக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். கோடு வரையுமுன் கேட்கவும் பார்க்கவும் மாணவனைப் பழக்குவதே ஆசிரியர் கடன்.