நாய்களுக்கும் ஒரு வெளி

நாய்களை அவிழ்த்துவிட்டு ஓடச் செய்வதற்கென ஊருக்குள் வேலியிட்ட மைதானமொன்று வேண்டும் என்று நாம் எழுதினால், கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் வாசகர் பலர் புருவம் நெரிப்பர். சோனகர் வீடுகளில் நாய் வளர்ப்போர் மிகச் சிலரே. ஆயினும், அதனை முதலிற் கேட்கவேண்டியோர் நாய் வளர்க்காத நாமே என்பது எமது துணிபு.

எம்மவர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, ஈரத்தோடு நாய் தீண்டிய இடத்தை ஏழு முறை கழுவவேண்டும். அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால். சுபஹுத் தொழுகைக்கு இருள் பிரியுமுன் நடப்பவர், மாரிகாலத்தில் நனைந்த நாயொன்று எதிர்ப்படக் கண்டு மதிலோடு ஒட்டி நிற்பது இதனாலேயே. அயலிலுள்ள தமிழ்க் குடும்பத்தினர் அதனை வெறுப்பெனக் கொள்ளுதல் தகாது. நாயிடம் இரக்கங் காட்டுதல் மார்க்கத்துக்குப் புறம்பென எம்மவருட் சிலர் கருதுவதும் தகாது. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தோற்காலுறையில் நீர் முகந்து வந்து புகட்டிய மனிதரின் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்னும் நபிமொழியை மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். வெள்ளிதோறும் நாம் ஓதும் அல்கஹ்பு அத்தியாயத்திலே, குகைவாசிகளின் வாயிலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடப்பதும் ஒரு நாயன்றோ?

சிக்கல் நிலத்தில் இருக்கின்றது. கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் எமதூரில் மதிலோடு மதில் முட்டுகின்றது. வளவு சுருங்கச் சுருங்க நாயின் சங்கிலியும் சுருங்கிற்று. பகலெல்லாம் முருங்கையடியிற் கட்டுண்டு கிடக்கும் பிராணிக்கு, வழிப்போக்கரை நெருங்கி மோந்தறியவும் இயலாது, விலகிச் செல்லவும் இயலாது, எனவே குரைக்கின்றது. இரவில் அவிழ்த்துவிட்டாலோ ஒழுங்கை முழுவதும் அதன் ஆட்சிதான்.

நாய்ப்பூங்காக்களின் முன்னோடி எனக் கருதப்படுவது, அமெரிக்காவின் பேர்க்லி நகரில் 1979இல் தோன்றியது. சுரங்க ரயில் பாதைக்காக வீடுகள் அகற்றப்பட்டு வெறுமையாய்க் கிடந்த நிலத்தில் அமைந்த பூங்காவின் ஒரு பகுதி அது. வீடிழந்த நிலம் எமக்கும் புதிதன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அள்ளிச் சென்றபின், கரையிலிருந்து 65 மீட்டருக்குள் மீளக் குடியேறுதல் தடுக்கப்பட்டது. மருதமுனையில் அவ்வெண்ணே ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயராயிற்று. ஆயினும், பிள்ளைகளைப் பறிகொடுத்தோர் இன்றும் போய் நிற்கும் அம்மணலை இதற்குத் தருக என நாம் கேளோம். கரைவலை இழுக்கும் துறைகளும், கொடியேற்றக் காலத்தில் சனந்திரளும் கடற்கரைப் பள்ளிச் சூழலும் வேண்டா. வயற்புறமாக அரை ஏக்கர் அரச காணி போதும்.

அமைப்பு மிக எளிது. வாயிலில் இரண்டு படலைகள். ஒன்றை அடைத்த பின்னரே மற்றதைத் திறத்தல் வேண்டும். பெரிய நாய்களுக்கும் சிறியவற்றுக்கும் தனித்தனிப் பிரிவு, ஒரு நீர்க்குழாய், நிழலுக்கு இரண்டு வேம்பு. நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி அட்டை இல்லாத நாய்க்கு அனுமதி இல்லை. அங்கே செல்லும் வரை சங்கிலி உரியவர் கையிலேயே இருக்கவேண்டும். செல்லும் வழி பள்ளிவாசல் ஒழுங்கையாய் இருத்தலாகாது. தெருநாய்களின் துயரை இம்மைதானம் தீர்க்காது என்பதையும் சொல்லிவிடுகின்றோம். அவற்றைக் கொல்லும் வழக்கம் 2006இல் கைவிடப்பட்டபின் கருத்தடையும் தடுப்பூசியுமே அரசு கொண்ட வழி, அப்பணி வேறு.

இதனை அயல்வீட்டுப் பெரியவரிடம் கூறியபோது, “நீங்களா தம்பி கேக்கப் போறீங்க?” என்று வியந்தார். அவருடைய நாய் அப்பொழுதும் எம்மை நோக்கிக் குரைத்துக்கொண்டிருந்தது.

மாநகர சபைக்கு எழுதும் விண்ணப்பத்தில் பள்ளிவாசல் நிருவாகத்தினரும் கோயில் நிருவாகத்தினரும் ஒரே தாளில் ஒப்பமிடுதல் நன்று. வேலியின் உயரத்தை மாத்திரம் எம்மவர் எழுதட்டும், ஆறடிக்குக் குறையலாகாது.