பாட்டுக்குப் பாட்டு உறவு

மனிதர்க்கு உறவுமுறை இருப்பதுபோலப் பாடல்களுக்கும் உண்டு. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் உண்டு. கொண்டு கொடுத்த சம்பந்திகள் உண்டு. நாடு விட்டு நாடு போய்ப் பெயரை மட்டும் மறவாதிருக்கும் தூரத்து உறவினரும் உண்டு. இந்த உறவுகளைத் தேடிக் கண்டு ஒரே சரட்டில் கோப்பதை ஓய்வுநேரப் பணியாகக் கொண்ட சிலர் எருமப்பட்டியில் இருக்கிறோம்.

நாமக்கல்லிலிருந்து துறையூர் செல்லும் சாலையில், கொல்லிமலையைக் கண்ணெதிரே கொண்டது எங்கள் ஊர். கோழிப்பண்ணை வைத்திருப்பவர் ஒருவர், லாரி ஓட்டுநர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தேவாரம் முறையாகப் பயின்ற அன்பர் ஒருவர், துணி வணிகம் செய்யும் பெரியவர் ஒருவர், இவர்களோடு நாம். கைப்பேசியில் எல்லோர்க்கும் பொதுவாக ஒரு பாட்டு வரிசை வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் அதில் பாடல் சேர்க்கலாம். விதி ஒன்றே ஒன்றுதான். புதிய பாடல் முந்திய பாடலோடு இசையால் தொடர்புற்றிருக்க வேண்டும். இராகமோ, மெட்டோ, தாளமோ, குரலோ, இசையமைத்தவரோ ஏதேனும் ஒரு கண்ணி வேண்டும். அக்கண்ணி எது என்பதைச் சேர்ப்பவர் ஒரு வரியில் சொல்லியாக வேண்டும். பிறர் மறுத்தால் பாடல் நீங்கும்.

இது புதிய விளையாட்டன்று. ஒரு செய்யுளின் ஈற்றை அடுத்த செய்யுளின் முதலாக்கும் அந்தாதியைத் தமிழ்ப் புலவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கையாண்டு வருகிறார்கள்; நம் இசுலாமியப் புலவர்களும் அதில் பின்தங்கியவர்கள் அல்லர். ஓர் எழுத்தில் முடிந்தால் அவ்வெழுத்திலேயே தொடங்கும் பாட்டுக்குப் பாட்டை இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீது அவர்கள் நடத்தியபோது கடலின் இருகரையிலும் தமிழர் காதுகொடுத்துக் கேட்டனர். பின்னர் அவரே அதைத் தொலைக்காட்சிக்கும் கொண்டுவந்தார். எழுத்தால் கோப்பது நினைவாற்றலுக்குச் சோதனை. இசையால் கோப்பது செவிக்குச் சோதனை. வேற்றுமை அவ்வளவே.

சான்றுக்கு ஒரு சரட்டைக் காட்டுவோம். 1957-இல் வெளிவந்த 'அம்பிகாபதி' படத்தில் ஜி. இராமநாதன் இசையில் டி. எம். சௌந்தரராஜன் பாடிய 'சிந்தனை செய் மனமே' கல்யாணி இராகம், முருகனைப் பாடுவது. இசையமைத்தவரைப் பற்றிக்கொண்டு போனால் 1950-இன் 'மந்திரி குமாரி' வருகிறது. டி. ஆர். சுந்தரம் 1935-இல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், அதாவது எங்கள் வட்டாரத்துப் பட நிறுவனம், எடுத்த படம் அது. அதிலும் சௌந்தரராஜன் பாடியிருக்கிறார். அக்குரலைப் பற்றினால் 1961-இன் 'பாவ மன்னிப்பு'. அதில் பெருநாள் பாடலை அவரோடு இணைந்து பாடியவர் இசைமுரசு நாகூர் ஹனீபா. அவர் குரலைப் பற்றினால் 1997-இல் இளையராஜா இசையில் 'ராமன் அப்துல்லா'வுக்கு அவர் பாடிய பாடல். இளையராஜாவைப் பற்றினால் 1982-இன் 'தாய் மூகாம்பிகை'யில் வரும் 'ஜனனி ஜனனி'. அதன் இராகம் மீண்டும் கல்யாணி! ஐந்தே பாடல்களில் வட்டம் மூடிக்கொள்கிறது. இந்த வட்டத்துக்குள் முருகன் துதியும் பெருநாள் மகிழ்ச்சியும் அன்னை துதியும் அடங்கிவிட்டன. யாரும் நல்லிணக்கம் பேசத் திட்டமிடவில்லை. பாடல்களே ஒன்றையொன்று கைப்பிடித்து அழைத்துச் சென்றன.

கல்யாணிக்கு வடநாட்டில் யமன் என்ற உடன்பிறப்பு இருக்கிறது. யமன் அமீர் குஸ்ரோ (1253–1325) தந்தது என்பது அங்குள்ள மரபு வழக்கு. வட்டத்திலிருந்து வெளியேற வேண்டுமானால் வாசல் அங்கே திறந்திருக்கிறது.

வழக்குகளும் எழுந்ததுண்டு. ஹனீபா பாடலுக்குப் பின்னால் நாதசுவர மேதை ஷேக் சின்ன மௌலானாவை (1924–1999) வைத்தார் பண்ணைக்காரர். என்ன கண்ணி என்று கேட்டதற்கு, "ரெண்டு பேரும் நம்ம ஆளுங்கதானே பாய்!" என்றார். லாரி ஓட்டுநர் விடவில்லை. "பேரு சேர்ந்தாப் பாட்டுச் சேர்ந்திடுங்களா அண்ணே? ராகத்துக்கு ஏதுங்க சாதி மதம்?" என்று மடக்கினார். அந்தக் கேள்வியில் இருந்த நேர்மையை எல்லோரும் உணர்ந்தோம். சில நாட்கள் கழித்து மௌலானா முறையான வாசல் வழியாகவே உள்ளே வந்தார். தோடிக்குப் பேர்போன டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) வாசிப்புக்கு அடுத்து, அந்தப் பாணியை நெஞ்சில் ஏற்று, ஆந்திரத்துக் கரவாதியிலிருந்து வந்து திருவரங்கத்தில் நிலைத்த கலைஞர் என்ற உரிமையோடு அமர்ந்தார். சமயத்தால் கிடைக்கும் இடத்தைவிட இசையால் கிடைத்த இடம் அவருக்குப் பெருமையானதல்லவா?

எங்களை வியப்பில் ஆழ்த்திய கண்ணி எங்கள் மலையிலேயே இருந்தது. தேவாரப் பண்களில் ஒன்றுக்குக் கொல்லி என்று பெயர். அப்பர் பெருமான் பாடிய முதற்பதிகம் எனப் போற்றப்படுவது அந்தப் பண்ணிலேயே அமைந்திருக்கிறது. வல்வில் ஓரி ஆண்ட மலைக்கும் அதே பெயர்தான். ஓதுவார்கள் இன்று கொல்லிப் பண்ணை எந்த இராகத்தில் பாடுகிறார்கள் என்று தேவாரம் பயின்ற அன்பரைக் கேட்டோம். "நவரோஸ்" என்றார்.

நவ்ரோஸ் பாரசீகச் சொல். 'புதுநாள்' என்பது அதன் பொருள். மார்ச்சுத் திங்களில் ஈரானியர் கொண்டாடும் ஆண்டுப்பிறப்பின் பெயர். பாரசீக இசையிலும் அப்பெயர் தாங்கிய பண்கூறுகள் உண்டு. அவ்வாறே உசேனி என்னும் இராகத்தில் தியாகராசர் (1767–1847) கீர்த்தனை செய்திருக்கிறார்; அரபு, துருக்கி இசைகளில் ஹுசைனி என்றொரு மகாம் இன்றும் வழங்குகிறது. பெயர் பயணம் செய்ததேயன்றி ஒலி அப்படியே வந்துவிடவில்லை. கேட்பவர்க்கு இரண்டும் வேறு வேறாகவே தோன்றும். ஆயினும் சிவன் கோயிலில் ஒலிக்கும் பழந்தமிழ்ப் பண் ஒரு பாரசீகப் பெயரைத் தயக்கமின்றிச் சூடிக்கொண்டிருக்கிறதே, அது சிறிய செய்தியா? நம் முன்னோர் எதை விலக்குவது, எதை ஏற்பது என்பதை நம்மைவிடத் தெளிவாக அறிந்திருந்தனர் என்றே தோன்றுகிறது.

"இவ்வளவு தொல்லை எதற்கு? கைப்பேசிச் செயலியே அடுத்த பாட்டைத் தந்துவிடுகிறதே!" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். தருகிறது, உண்மை. நாம் முன்பு விரும்பியதை வைத்தும், நம்மைப்போன்ற பிறர் கேட்டதை வைத்தும் கணக்கிட்டுத் தருகிறது. ஆனால் ஏன் தந்தாய் என்று அதனோடு வழக்காட முடியாது. எங்கள் வரிசையில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. காரணத்துக்குப் பின்னே ஒரு மனிதர் இருக்கிறார்.

இசை கூடுமா, கூடாதா என்ற கருத்து வேறுபாடு நம் சமுதாயத்தில் பழையது. அதைத் தீர்க்க நாம் முற்படவில்லை. எங்கள் துணி வணிகப் பெரியவர் இசைக்கருவிகள் ஒலிப்பதைக் கேட்பதில்லை. வெறும் குரலில் பாடப்படும் பைத்துகளோடு நிறுத்திக்கொள்பவர். அவரையும் வைத்துக்கொண்டுதான் வரிசை வளர்கிறது. அவரால்தான் அதில் ஓர் இடம் காலியாகவும் இருக்கிறது.

அவர் இளமையில் வாழ்ந்த தெருவில் நோன்பு மாதம் முழுதும் ஸஹர் நேரத்தில் ஒரு பக்கீர் தாயிரா கொட்டிப் பாடி மக்களை எழுப்பிச் செல்வாராம். அந்தக் கொட்டையும் மீறிக் குரலே நெஞ்சில் நின்றுவிட்டது என்பார் பெரியவர். ஒருநாள் அந்தப் பாட்டின் மெட்டை முனகிக் காட்டினார். சொற்கள் மறந்துபோயிருந்தன. தேவாரம் பயின்றவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னொரு தடவை பாடுங்க ஐயா" என்றார். நவரோஸ் கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி மேற்பஞ்சமத்தோடு நின்றுவிடும் சிற்றெல்லை உடையது. பெரியவரின் முனகலும் அந்த எல்லையைத் தாண்டவில்லை. "கொல்லி மாதிரி இருக்குதுங்க" என்றார் அன்பர். "அப்படிச் சொல்லிவிட முடியாது, முனகலில் எதையும் காணலாம்" என்றார் ஆசிரியர். பெரியவரின் தமக்கையார் வேறொரு விதமாகப் பாடினார். பக்கீர் மறைந்து நெடுங்காலமாயிற்று. ஒலிப்பதிவு ஏதும் இல்லை. வழக்கைத் தீர்க்கச் சாட்சி இல்லை.

நவரோஸ் பாடலுக்கு அடுத்த இடத்தை அதற்காகவே விட்டுவைத்திருக்கிறோம். உறவு இருந்திருக்கலாம், இல்லாதும் போயிருக்கலாம். அழிந்த பாட்டோடு அதன் உறவும் அழிகிறது என்பதே எங்களை வருத்துகிறது. இராஜரத்தினம் பிள்ளையின் தோடி தட்டில் பதிந்ததால் ஒரு வழித்தோன்றலை அடையாளம் காட்ட முடிகிறது. பதியாத பக்கீரின் பாட்டுக்கு நாங்கள் யாரை உறவு சொல்வோம்?

ஆகவே வாசக அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டிலும் தாலாட்டுப் பாடும் பெரியம்மாவோ, பைத்து ஓதும் பெரியவரோ இருக்கக்கூடும். கையில் இருக்கும் கைப்பேசியை இன்றைக்கே அவர்கள் முன் வையுங்கள். இராகம் எது, மெட்டு எது என்று பின்னால் ஆராய்ந்துகொள்ளலாம். குரல் முதலில் வேண்டும்.