அழையா விருந்தாளி



கொல்லிமலை திருப்புலி நாடு என் ஊர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து போனால் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். ஒவ்வொரு சாலை வளைவுக்கும் முன்னால் எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள். வளைவின் நடுவில் யாரும் வைப்பதில்லை. இந்தச் சின்ன விஷயம் எனக்குப் புரிய ஒரு புராஜெக்ட் தேவைப்பட்டது!

மிளகு, காபி விலை சொல்லும் இணையப் பக்கம் ஒன்றைச் செய்தேன். திறந்ததுமே, "வணக்கம்! பெயரைப் பதிவு செய்யுங்கள்" என்று ஒரு பாப்-அப் ஜன்னல் துள்ளி வரும். லேபில் பெரிய திரையில் பார்த்த நண்பர்கள் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பொங்கல் விடுமுறையில் அம்மாவின் சின்ன போனில் காட்டினேன். சிக்னல் நொண்டி நொண்டி வந்தது. அம்மா விலையைத் தேடும்போது ஜன்னல் வந்து மறைத்தது. மூடும் பெருக்கல் குறியோ திரைக்கு வெளியே! அம்மா எதையோ அழுத்த, பக்கமே போய்விட்டது.

"நமக்கு இதெல்லாம் வராது கண்ணு" என்று போனை நீட்டினார்.

சுருக்கென்றது. தப்பு பண்ணியது நான், தலைகுனிந்தது அம்மா.

பாப்-அப் பிறந்த கதையும் இப்படித்தான். 1990களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் டிரைபாட் நிறுவனத்தில் ஈதன் ஜுக்கர்மேன் இதற்கு நிரல் எழுதினார். ஆபாசப் பக்கத்தில் தன் விளம்பரம் வந்ததாக ஒரு கார் நிறுவனம் கோபப்பட, விளம்பரத்தைத் தனி ஜன்னலில் காட்ட வழி செய்தார். நோக்கம் நல்லதுதான். ஆனாலும் 2014இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். தொல்லை தாங்காமல் 2004இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்கிலேயே தடுப்பு வசதி வந்துவிட்டது. மொபைலில் பக்கத்தை மறைக்கும் ஜன்னல் வைத்த தளங்களை 2017 முதல் கூகுள் தேடலில் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியது.

நானும் திருத்தினேன். ஜன்னல் தானாக வராது, கேட்டால்தான் வரும். வெறும் பெருக்கல் குறிக்குப் பதில் கட்டைவிரல் படும் அளவில் "மூடு" என்ற பொத்தான். வெளியே தொட்டாலும், எஸ்கேப் விசையைத் தட்டினாலும் மூடும். மூடினால் விட்ட இடத்திலேயே நிற்கலாம், எழுதியது அழியாது. எதையாவது நீக்கும் முன் மட்டும் ஒரு கேள்வி. அதற்கும் "சரி" என்று மொட்டையாக இல்லாமல், "நீக்கு", "வேண்டாம்" என்று தெளிவான பதில்கள்.

சித்திரையில் மறுபடி அம்மாவிடம் கொடுத்தேன். எதையோ தொட்டு ஜன்னலைத் திறந்தார். நான் வாயைத் திறக்கும் முன் தானே "மூடு" அழுத்தினார்.

"என்னடா, மிளகு வெல எறங்கிப் போச்சே!"

அந்தக் கவலையிலும் எனக்குச் சந்தோஷம். தோழர்களே, நாம் செய்வதை லேபில் மட்டும் சோதிக்காதீர்கள். வீட்டில் அம்மா கையில் கொடுத்துப் பாருங்கள். அதைவிடக் கண்டிப்பான எக்ஸ்டெர்னல் யாரும் இல்லை!

— இறுதியாண்டு மாணவன், கணினிப் பொறியியல்